வள்ளிநாயகியின் ஆள்காட்டி விரல்

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிர்வீட்டு வள்ளிநாயகிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினால் நான் கோயில் சிலை. அவள் சோறு தின்னும்போதுகூட ஒரு காலை மடித்து ஒரு காலை ஊன்றித்தான் இருப்பாள், யாரோ வாசலில் கூப்பிடப்போகிறார்கள் என்பது மாதிரி. தறிக்குழியில் உட்கார்ந்து நான் ஒரு முழம் நெய்வதற்குள் அவள் எங்கள் தெருவை நாலு தடவை நடந்து முடித்திருப்பாள். ஒருநாள் கேட்டேன், "எங்கதாண்டி போற நீ?" "எங்கயும் இல்லக்கா, சும்மா" என்றாள். அந்தச் சும்மாவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு இருந்தது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி, மீதி வீட்டில் சாயப்பட்டறை. வள்ளிநாயகியின் புருஷன் சிங்காரம் சாயக்காரர். நெசவாளிகள் கொடுக்கிற வெள்ளை நூலைக் கொதிக்கிற அண்டாவில் முக்கி, புரட்டி, பிழிந்து, காயவைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். கையுறை என்றெல்லாம் அந்தக் காலத்தில் ஒன்றும் இல்லை. சாயக்காரர் கையைப் பார்த்தே இந்த வாரம் என்ன சேலை, என்ன கைலி தறியில் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் நாலைந்து நாளில் மங்கிவிடும். கைலிக்குப் போடும் கறுப்பு மட்டும் நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு லேசில் போகாது.

வள்ளிநாயகி பிறந்தது ஆந்திராப் பக்கம், நகரிக்கு அந்தண்டை ஒரு கிராமம். சிங்காரம் அவளுக்கு மாமன் மகன். பாவா என்றுதான் கூப்பிடுவாள், கோபம் வந்தாலும் பாவாதான். அறுபத்தஞ்சில் கல்யாணம் ஆகி வந்தாள். அறுபத்தேழில் எலக்‌ஷன் வந்தது. ஓட்டுப்போடுகிற வயசு வந்தபிறகு அவளுக்கு அதுதான் முதல் எலக்‌ஷன். இங்கே லிஸ்டில் அவள் பேர் இல்லை. "உன் பேர் உங்க அப்பா ஊர்ல இருக்கும்மா" என்றார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறி அங்கே போனாள். அங்கே அவள் பேர்மேல் கோடு போட்டிருந்தார்களாம். கல்யாணமாகிப் போய்விட்டது என்று யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே அடித்தவர்கள் இங்கே சேர்க்கச் சொல்லவில்லை. இங்கே இருப்பவர்கள் அங்கே கேட்கவில்லை. ஒரு மனுஷி முழுசாக இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில் காணாமல்போனாள். அன்று சாயங்காலம் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள், "அக்கா, நான் எங்கயுமே இல்லியாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மறுவாரமே சிங்காரத்தை இழுத்துக்கொண்டு திருத்தணி தாலுகா ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எழுபதில் பஞ்சாயத்து எலக்‌ஷன் வந்தபோது அவள் பேர் லிஸ்டில் இருந்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்ததை என்னைப் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். எங்கள் வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சுந்தரமூர்த்தி. மாஸ்டர் வீவர், முப்பது தறிக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறவர். இன்னொருவர் எங்கள் தெரு சாயக்காரர் நாகேந்திரன். ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வரப்போகிற சமயம் அது. எங்கள் கிணற்றில் சாயத்தண்ணி இறங்கி, சோறு வடித்தால் ரோஸ் கலரில் வரும். நாகேந்திரன் ஜெயித்தால் குழாய் எங்கள் தெருவுக்கு வரும், சுந்தரமூர்த்தி ஜெயித்தால் அவர் தெருவோடு நின்றுவிடும். சின்ன வார்டு. யார் யாருக்குப் போடுவார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி.

ஓட்டுக்கு முந்தின நாள் முழுக்க அவள் கறுப்பு நூல் முக்கிக்கொண்டிருந்தாள். அவசர ஆர்டர். காலையில் குளித்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கை மட்டும் முழங்கை வரைக்கும் கறுப்பு. எனக்கு அடுத்து வரிசையில் நின்றாள். நான் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிறேன், அவள் வரவில்லை. உள்ளே சத்தம் கேட்டது.

மை வைக்கிற ஆபீசர் வெளியூர்க்காரர். அவள் இடது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். நகக்கண்ணில் கறுப்பு. "ஏம்மா, ஏற்கெனவே போட்டுட்டு மறுபடியும் வரிசையில வந்து நிக்கிறியா?" என்றார். பதறினால் அவளுக்குத் தமிழ் வராது, தெலுங்குதான் வரும். "லேதண்டி, லேதண்டி", இல்லீங்க இல்லீங்க என்று இரண்டு கையையும் நீட்டினாள். "விரலில் அடையாளம் இருந்தா சீட்டு கொடுக்கக்கூடாது, அது சட்டம்" என்று அவர் கையை ஆட்டி அனுப்பிவிட்டார். பக்கத்தில் லிஸ்ட் வைத்திருந்தவர் அவள் பேருக்கு நேராகக் கோடு விழுந்திருக்கிறதா என்று ஒரு நிமிஷம் புரட்டிப் பார்த்திருந்தால் போதும். வெயில் நேரம், நீள வரிசை, யார் புரட்டுவது?

என் வயிறு எரிந்தது அதற்கல்ல. சுந்தரமூர்த்தியின் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்தவன் சேட்டு. அவருக்காகப் பட்டறைகளில் நூல் போட்டு எடுக்கிற ஆள். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கறுப்பு நூலை வள்ளிநாயகி பட்டறையிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவனே அவன்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். எங்கள் பக்கத்து ஏஜெண்டு வாய் திறந்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்து ஏஜெண்டு சாட்சாத் சிங்காரம்தான். அந்த நேரம் பார்த்து அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

சாயங்காலம் அங்கேயே எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் சரிசமமான ஓட்டு. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. மறுபடி எண்ணினார்கள், அதேதான். சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். சுந்தரமூர்த்தி பேர் வந்தது. வள்ளிநாயகி பள்ளிக்கூட ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள். அவள் கறுப்புக் கையும் அந்தக் கம்பியும் எனக்கு இன்றும் கண்ணிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு சிங்காரத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "டீ நல்லா இருந்துச்சா, பாவா?"

குழாய் சுந்தரமூர்த்தி தெருவோடு நின்றது. நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நின்றோம். அடுத்த எலக்‌ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நாகேந்திரன். அடுத்த எலக்‌ஷன் வரவில்லை. இந்த வருஷம் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். அடுத்த வருஷம் என்றார்கள், அதையும் தள்ளிப்போட்டார்கள். சட்டசபைக்கு வந்தது, டெல்லிக்கு வந்தது, பஞ்சாயத்துக்கு மட்டும் வரவே இல்லை. நாகேந்திரன் அந்தக் காத்திருப்பிலேயே செத்தும்போனார்.

அந்த வருஷங்களில்தான் வள்ளிநாயகிக்கு நடக்கிற வியாதி பிடித்தது. கிருத்திகைக்குத் திருத்தணி போனால் நாங்கள் மலையேறிச் சாமி பார்த்துவிட்டு, கீழே வந்து கடைத்தெருவில் வளையல் பார்ப்போம். அவள் தாலுகா ஆபீசில் இருப்பாள். லிஸ்டு திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், தன் பேர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவாள். அங்கே ஒரு குமாஸ்தா அவளைக் கண்டாலே, "இருக்கீங்கம்மா, உயிரோடதான் இருக்கீங்க" என்பாராம். "எலக்‌ஷன் எப்போங்க?" "எனக்கு இன்னாம்மா தெரியும்? மேல இருந்து வரணும்." மேலே என்றால் எது என்று அவள் என்னைக் கேட்டாள். மலையைக் காட்டினேன். அடிக்க வந்தாள்.

இன்னொரு வேலையும் செய்தாள். எந்த எலக்‌ஷன் வந்தாலும் பத்து நாள் முன்னாலேயே கறுப்பை நிறுத்திவிடுவாள். புளி, எலுமிச்சைத் தோல், பிளீச்சிங் பவுடர் என்று போட்டுக் கையைத் தேய்ப்பாள். தான் தேய்த்தால் போதாதா, தெருவையே தேய்க்கவைத்தாள். சாயக்காரர் வீட்டு வாசலில் எல்லாம் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து விரல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களுக்கு மருதாணிக் கல்யாணம் என்று பேர் வைத்தார்கள். அப்படித் தேய்த்துத் தேய்த்து, எல்லா எலக்‌ஷனிலும் போட்டாள். போட்டுவிட்டு வந்து, "இது அது இல்லக்கா" என்பாள். மெட்ராசுக்கும் டெல்லிக்கும் லட்சம் பேர் போடுகிறார்கள். எங்கள் வார்டு பெட்டிதான் அவளுக்குக் கணக்கு.

நூலைப் புரட்டிக்கொண்டே, அன்றைக்கு அந்த ஆபீசரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்வாள். "எங்க பட்டறைய வந்து பாருங்கன்னு சொல்லியிருக்கணும், இல்லக்கா?" இரண்டு மாசம் கழித்து, "அந்த லிஸ்ட்டப் பாருங்கன்னு சொல்லியிருக்கணும்." பிறகு, "சேட்டு சட்டையப் புடிச்சி இழுத்திருக்கணும்." எனக்குக் கோபம் வரும். செத்த பேச்சை எத்தனை தடவை சிங்காரிப்பது? "வுட்டுத் தொலைடி" என்று கத்தியிருக்கிறேன். அவள் போய்விடுவாள், திரும்பி வந்து வேறொன்று சொல்வாள். சிங்காரம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அண்டாவைக் கிளறிக்கொண்டிருப்பார். அந்த மனுஷன் அதற்கப்புறம் டீ குடித்து நான் பார்க்கவில்லை. வீட்டிலும் சரி, கடையிலும் சரி, மோர்தான்.

எண்பத்தாறில் தை பிறந்ததும் தண்டோரா போட்டார்கள். பஞ்சாயத்து எலக்‌ஷன். பதினாறு வருஷம். வள்ளிநாயகிக்கு நரை வந்துவிட்டிருந்தது. நாகேந்திரன் பெண்சாதி தமயந்தி எங்கள் தெரு சார்பில் நின்றாள். எதிரே சுந்தரமூர்த்தி மறுபடியும். வள்ளிநாயகி அன்றைக்கே பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு வந்தாள். தூக்கம் இல்லை, சோறு இல்லை. தெருவில் போகிற வருகிறவர் விரலையெல்லாம் பிடித்துப் பார்த்தாள்.

ஓட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது சேட்டு சைக்கிளில் நூல் மூட்டையோடு வந்து நின்றான். அவனுக்கும் தலை வழுக்கையாகியிருந்தது. "அர்ஜென்டு ஆர்டர் சிங்காரம். கைலி. எல்லாம் கறுப்பு."

வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். இல்லை, ஆந்திரா வியாபாரி நிஜமாகவே கேட்டான் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானால் என்ன? வேண்டாம் என்றால் அடுத்த மாசம் நூல் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

"தொடமாட்டேன்" என்றாள் வள்ளிநாயகி. "எடுத்துகினு போ. அடுப்பு எரியலன்னாலும் பரவாயில்ல, தொடமாட்டேன்."

சிங்காரம் மூட்டையை இறக்கி உள்ளே வைத்தார். "நீ தொட வேணாம். நான் ஒருத்தனே போடறேன்."

"உனக்கு ஓட்டு வேணாமா பாவா?"

"எனக்கு ஆம்பள தோலு. தேச்சா போயிடும்."

போகாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இடுப்பு வலிக்காரர், தனியாளாக இரண்டு நாள் அண்டாவில் நின்றார். அவளைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. உதவிக்குப் போனவளை ஒருதரம், "போ அந்தாண்ட! விரலக் கெடுத்துக்காத!" என்று அதட்டினார். அவர் அதட்டி எங்கள் தெரு அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவள் என் வீட்டுக்கு வந்து என் தறிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். "நான் அந்த மனுசன ரொம்ப பேசிட்டேன்க்கா" என்றாள். ஆமாம், பேசிவிட்டாய் என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

ஓட்டு அன்று அதே பள்ளிக்கூடம். பெண்கள் வரிசை வேகமாகப் போனது. மை வைத்த டீச்சர் திருத்தணியிலிருந்து வந்தவர், பிரேமகுமாரி என்று பேர். வள்ளிநாயகி தன் வெளுத்த விரலை, தோல் உரிந்து ரோஜாநிறமாகியிருந்த அந்த விரலை, சாமிக்குக் காட்டுகிற மாதிரி நீட்டினாள். டீச்சர் அதைப் பார்க்கக்கூட இல்லை. மையைத் தொட்டார், இழுத்தார், "அடுத்த ஆள்" என்றார். பதினாறு வருஷம் தேய்த்த விரல்! முத்திரை குத்திப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தவள் முகத்தில் சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஆச்சு" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்ப இரண்டு அடி வைத்திருப்போம். உள்ளே டீச்சர் குரல் கேட்டது. "என்னங்க இது? விரல்ல முன்னாடியே கறுப்பு இருக்கே?"

ஆண்கள் வரிசையில் சிங்காரம். ராத்திரி முழுக்கத் தேய்த்திருக்கிறார், நகத்தைச் சுற்றி ரத்தமே வந்திருக்கிறது, கறுப்பு போகவில்லை. "சாயம்ங்க மேடம்" என்கிறார். டீச்சர் தலையை ஆட்டுகிறார். தப்பான ஆள் அல்ல அந்த அம்மா, பயந்த ஆள். ஒரு மூலையில் சேட்டு, சுந்தரமூர்த்தியின் ஏஜெண்டு, அதே பெஞ்சு. சிங்காரம், "சரிங்க, பரவாயில்லீங்க" என்று திரும்பிவிட்டார்.

வள்ளிநாயகி வாசலுக்கு ஓடினாள். போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார், போட்டவர்கள் உள்ளே போகக்கூடாது. அவள் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். அதே ஜன்னல், அதே கம்பி. தொங்கிக்கொண்டு கத்தினாள்.

"டீச்சரம்மா! எத்தினி விரலுக்கு மை வெப்பீங்க நீங்க?"

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுக்குத்தாம்மா. ஏன்?"

"பாவா, ரெண்டு கையையும் தூக்கிக் காட்டு! பாருங்கம்மா. பத்தும் கறுப்பா இருக்குது. பத்து ஓட்டு போட்டுட்டாரா அவரு? பத்து ஓட்டு போட்ட மனுசன் பதினொண்ணாவது ஓட்டுக்கு எதுக்குமா வரிசையில நின்னுகினு இருக்கப்போறாரு? பேசாம பத்தோட ஜெயிச்சிட்டு வூட்ல தூங்கமாட்டாரு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்தார். சிங்காரம் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சரணடைந்தவர் மாதிரி நின்றிருந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் இவள் அழுதுகொண்டிருந்தாள். தமிழிலேயே, ஒரு வார்த்தை தடுக்காமல் பேசிவிட்டாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம், "அந்த லிஸ்ட்டக் கொஞ்சம் பாருங்க, இவர் பேர் டிக் ஆகியிருக்கா?" என்று கேட்டார். அவர் புரட்டினார். ஆகவில்லை. டீச்சர் மூலைப்பக்கம் திரும்பினார். "ஏஜெண்டுக்கு ஏதாவது ஆட்சேபணை?"

சேட்டு எழுந்து நின்றான். ஜன்னலைப் பார்த்தான். இந்தத் தடவை ஜன்னலில் அவள் முகம் இருந்தது.

"இல்லீங்க மேடம்" என்றான். "எங்க நூலுதான் அது. நான்தான் குடுத்தேன்." பிறகு, யாரும் கேட்காமலே, "போன தடவையும்" என்றான்.

டீச்சர் சிங்காரத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு மை வைக்க இடம் தேடினார். கறுப்பில் கறுப்பை எங்கே வைப்பது? கடைசியில் நகத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். வைத்ததே தெரியவில்லை.

தமயந்தி தோற்றாள். சீட்டுக் குலுக்குகிற பேச்சுக்கே இடமில்லாமல் தோற்றாள். பதினாறு வருஷத்தில் சுந்தரமூர்த்தி பக்கம் வீடுகளும் தறிகளும் பெருகிவிட்டன, எங்கள் தெருவிலிருந்தே நாலு வீடு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த ஓட்டுக்கா இவ்வளவு தேய்ப்பு, இவ்வளவு ஓட்டம் என்று எதிர்வீட்டைப் பார்த்து என் வாசலிலிருந்தே கத்தினேன்.

பத்து நாள் போயிருக்கும். "அக்கா, இங்க வா, ஓடியா" என்று கூப்பிட்டாள். போனேன். வாசற்படியில் சிங்காரம் உட்கார்ந்திருந்தார், அவர் இடது கை அவள் மடியில் இருந்தது. ஆமாம், உட்கார்ந்திருந்தாள், இரண்டு காலையும் மடித்து. அவர் விரலிலிருந்து சாயம் மெல்ல விட்டிருந்தது. வெளுத்த நகத்தின் நடுவில் மைக்கோடு மட்டும் தனியாகத் தெரிந்தது. அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

"தெரியுதாக்கா?"

"தெரியுது. தெரிஞ்சி இன்னா பண்றது? தோத்துட்டமே."

"ஆங், தோத்துட்டோம்" என்றாள். அவர் விரலை இன்னும் விடவில்லை. "நம்மளையும் சேத்து எண்ணித்தானக்கா தோத்தோம்."

பிறகு எழுந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுந்தரமூர்த்தி தெருக் குழாய்க்குத் தண்ணிக்குப் போனாள்.